தாயைப் பிரிக்கும் நாள்

வீட்டில் ஒரு ராஜபாளையம் நாயோ சிப்பிப்பாறை நாயோ குட்டி போட்ட செய்தி தெருவுக்குத் தெரிந்ததும் வருகிற முதல் கேள்வி, "எப்போ குடுப்பீங்க?" என்பதுதான். நம் ஊரில் இதற்குப் பழகிப்போன பதில், "முப்பது நாள் போகட்டும், வந்து எடுத்துக்குங்க." அந்தப் பதிலுக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. முப்பதாம் நாளில் குட்டி ஓடியாடி, தட்டில் வைத்ததை நக்கித் தின்னத் தொடங்கிவிடும். பல் முளைத்த குட்டிகள் முலையைக் கடிப்பதால் தாயும் எழுந்து எழுந்து போகும். பால் மறந்த குட்டிக்குத் தாய் எதற்கு என்று கேட்கத் தோன்றும். அந்தக் கணக்கு தவறு என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். எட்டு வாரம் நிறையாமல் எந்தக் குட்டியையும் வெளியே அனுப்பக் கூடாது. அதே சமயம், எட்டு வாரமும் கொல்லைக் கொட்டகையில் அடைத்துப் போட்டுவிட்டு, நாள் நிறைந்தது என்று அனுப்பினாலும் குட்டிக்குக் கிடைப்பது குறைவு. நான்காம் வாரத்திலிருந்து எட்டாம் வாரம் வரை அந்தக் குட்டிக்கு என்னென்ன நடந்தது என்பதற்குத்தான் வாங்குபவர் உண்மையில் காசு கொடுக்கிறார். அவருக்கு அது தெரியாமல் இருக்கலாம். கொடுப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எட்டு வாரம் என்ற எல்லை சட்டத்திலும் உண்டு. மத்திய அரசு 2017இல் கொண்டுவந்த நாய் இனப்பெருக்கம், விற்பனை தொடர்பான விதிகள், எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்பதைத் தடை செய்கின்றன. 18 மாதம் நிறையாத பெட்டையைச் சேர்க்கைக்கு விடக் கூடாது, ஐந்து ஈற்று முடிந்தவளை மறுபடி விடக் கூடாது என்று தாய்க்கும் அவை வரம்பு வைக்கின்றன. தொழிலாக நாய் வளர்ப்போரை மனத்தில் வைத்து எழுதப்பட்ட விதிகள் இவை என்பதால், "நம்ம வீட்ல ஒரு தடவ போட்டதுக்கு எதுக்குச் சட்டம்" என்று சிலர் நினைக்கலாம். சட்டத்துக்குப் பயந்து மட்டும் எட்டு வாரம் வைத்திருக்கிறவர் அந்த நாட்களைச் சரியாகப் பயன்படுத்தமாட்டார். ஆகவே காரணத்தைப் பார்ப்போம்.

முதல் இரண்டு வாரம் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். அப்போது வேலை முழுக்கத் தாயுடையது. பிறந்த குட்டிக்குக் கண்ணும் காதும் மூடியிருக்கும். உடல் சூட்டைத் தானே காத்துக்கொள்ளத் தெரியாது. தாய் நக்கிவிடாமல் சிறுநீர்கூட வராது. முதல் 24 மணி நேரத்துக்குள் ஒவ்வொரு குட்டியும் சீம்பால் குடித்ததா என்று பார்ப்பதும், கிராம் காட்டும் சமையலறைத் தராசில் தினம் ஒரே நேரத்தில் நிறுத்து எழுதுவதும்தான் நம் பங்கு. பிறந்த எடை எட்டிலிருந்து பத்து நாளுக்குள் இரட்டிக்க வேண்டும். ஒரு நாள் முழுக்க எடை ஏறாத குட்டியைப் பற்றி அன்றே கால்நடை மருத்துவரிடம் பேச வேண்டும், நாளைக்குப் பார்க்கலாம் என்பது அந்த வயதில் செல்லாது. வெளிநாட்டுப் புத்தகங்கள் எல்லாம் விளக்குப் போட்டுச் சூடு கொடுக்கச் சொல்கின்றன. முதல் வாரத்தில் குட்டிகள் கிடக்கும் இடம் 29 முதல் 32 டிகிரி இருந்தால் போதும் என்பதால், சித்திரை வைகாசியில் விருதுநகர்ப் பக்கம் ஓட்டு வீட்டுக்கோ ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கோ அந்த அறிவுரையை அப்படியே எடுத்துக்கொண்டால் குட்டிகள் வெந்துபோகும். ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குவிந்து கிடந்தால் குளிர்கிறது. ஆளுக்கொரு மூலையாகப் பரந்து கத்தினால் புழுங்குகிறது. சுவரில் மாட்டிய வெப்பமானியைவிட இந்த அடையாளம் நம்பகமானது. சன்னலில் ஈரச் சாக்குத் தொங்கவிடலாம், மின்விசிறிக் காற்று நேராகக் குட்டிகள் மேல் படக் கூடாது.

மூன்றாம் வாரத்தில் காது திறக்கிறது. கண் ஏற்கெனவே திறந்திருக்கும். கால் தரிக்கிறது, வால் ஆடுகிறது, ஒன்றையொன்று வாயால் பற்றிப் பார்க்கிறது. நம் வாதம் இங்கேதான் தொடங்குகிறது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பார் ஹார்பர் என்ற ஊரிலுள்ள ஜாக்சன் ஆய்வகத்தில் ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் என்ற இருவர் ஐந்து இன நாய்களைப் பல ஆண்டுகள் வளர்த்துக் கவனித்து, 1965இல் ஒரு பெரிய நூலாக வெளியிட்டார்கள். ஏறத்தாழ மூன்றாம் வாரத்தில் தொடங்கிப் பன்னிரண்டாம் வாரத்தை ஒட்டி மங்கிப்போகும் ஒரு காலகட்டத்தில்தான், யார் தன் இனம், யாரோடு அச்சமில்லாமல் இருக்கலாம், எது வழக்கமான உலகம் என்பதை நாய்க்குட்டி தீர்மானிக்கிறது என்பது அவர்கள் கண்டது. அதே ஆய்வகத்தில் நடந்து 1961இல் வெளியான இன்னொரு சோதனை மேலும் தெளிவானது. உயர்ந்த வேலியிட்ட வெளியில் மனிதர் கண்ணில் படாமல் தாயோடு வளர்ந்த குட்டிகளை வெவ்வேறு வயதில் ஒரு வாரம் மட்டும் உள்ளே கொண்டுவந்து மனிதரோடு பழக்கினார்கள். ஐந்திலிருந்து ஒன்பது வாரத்துக்குள் கொண்டுவரப்பட்டவை நன்றாக ஒட்டிக்கொண்டன. பதினான்காம் வாரம் வரை மனித வாசமே இல்லாமல் இருந்தவை காட்டு விலங்குபோல் மிரண்டன. பிறகு பழக்குவது பெரும்பாடாயிற்று.

இதைப் படிக்கிற ஒருவர், "அப்படியானால் இன்னும் சீக்கிரமே வாங்கிக்கொண்டு போவதுதானே நல்லது? சின்னதிலேயே வந்தால்தானே நம்மோடு ஒட்டும்?" என்று கேட்பார். வாங்க வருகிறவர்களில் பாதிப்பேர் மனத்தில் இருப்பதும் இதுதான். ஆனால் அந்தச் சோதனையையே திரும்பப் பாருங்கள். ஏழாம் வாரத்திலும் ஒன்பதாம் வாரத்திலும் முதன்முதலாக மனிதரைச் சந்தித்த குட்டிகளே ஒட்டிக்கொண்டன என்றால், முதல் நாளிலிருந்து மனிதக் கை பட்டு வளர்ந்த குட்டி எட்டாம் வாரத்தில் புது வீட்டுக்குப் போய் ஒட்டாமல் போகுமா? அதற்கான கதவு இன்னும் திறந்துதான் இருக்கிறது. மூடிக்கொண்டிருக்கும் கதவு வேறொன்று. மூன்றாம் வாரத்திலிருந்து குட்டி இரண்டு பாடங்களைச் சேர்த்துப் படிக்கிறது: மனிதரோடு இருப்பது, நாயோடு நாயாக இருப்பது. முதல் பாடத்தைக் கொடுப்பவர் வீட்டிலும் படிக்கலாம், வாங்குபவர் வீட்டிலும் தொடரலாம். இரண்டாவது பாடத்தைத் தாயும் கூடப் பிறந்தவையும் மட்டுமே நடத்த முடியும். வாங்குபவர் எவ்வளவு பாசக்காரராக இருந்தாலும் அந்த வீட்டில் அதற்கு ஆசிரியர் இல்லை.

அந்த இரண்டாவது பாடம் பெரும்பாலும் வாயைப் பற்றியது. ஐந்து வாரக் குட்டியின் பல் ஊசி. விளையாட்டில் ஒன்று இன்னொன்றின் காதை அழுத்திக் கடித்தால், கடிபட்டது கீச்சிட்டு விலகிக்கொள்ளும், விளையாட்டு நின்றுபோகும். நாளுக்கு நாற்பது ஐம்பது தடவை இப்படி நடக்க நடக்க, எவ்வளவு அழுத்தினால் விளையாட்டு நிற்கும் என்று தாடைக்குப் புரிந்துவிடும். ராஜபாளையம் வளர்ந்தபின் தோள்வரை இரண்டரை அடி நிற்கும் நாய். கோம்பை நாயின் தாடை வலுவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கடியை அடக்கத் தெரியாத ஒரு பொமரேனியன் எரிச்சல் தரும், கடியை அடக்கத் தெரியாத ஒரு கோம்பை மருத்துவமனைக்கு அனுப்பும். தாயின் உறுமலும் இந்தப் பாடத்தில் ஒரு பகுதி. ஐந்தாம் ஆறாம் வாரத்தில் முலைக்கு ஓடிவரும் குட்டியை அவள் உறுமி, மூக்கால் அழுத்தி, சில வேளை வாயால் முகத்தைக் கவ்விப் பிடித்து நிறுத்துவாள். காயம் இருக்காது. கேட்டதெல்லாம் கேட்டவுடன் கிடைக்காது என்பதைக் குட்டி முதல்முறையாக அப்போதுதான் சந்திக்கிறது. "தாயே விரட்டுதே, இனி எதுக்கு வச்சிருக்கணும்" என்று சொல்கிறவர், பாடம் நடந்துகொண்டிருக்கும்போது பையனை வகுப்பிலிருந்து கூட்டிப்போகிறார். தாய்க்கு நாம் செய்ய வேண்டியது வேறு: குட்டிகள் ஏற முடியாத உயரத்தில் அவளுக்கு ஒரு திண்ணையோ பழைய கட்டிலோ கொடுக்க வேண்டும். வேண்டியபோது இறங்கி வரட்டும், போதும் என்றபோது ஏறிப் படுக்கட்டும். இரவும் பகலும் குட்டிகளோடு ஒரே கூண்டில் அடைக்கப்பட்ட தாய்தான் உண்மையாகவே சீறத் தொடங்கும். அதன் குட்டிகள் படிப்பது வேறு பாடம்.

இத்தாலியில் இதை நேரடியாகவே சோதித்தார்கள். 2011இல் வெளியான அந்த ஆய்வில் 140 வளர்ந்த நாய்கள்: பாதி 30 முதல் 40 நாளில் தாயைப் பிரிந்தவை, மீதிப் பாதி இரண்டு மாதம் நிறைந்து பிரிந்தவை. முன்னதாகப் பிரிந்த கூட்டத்தில் ஓயாத குரைப்பு, தெருவில் நடக்கும்போது மிரட்சி, சத்தத்துக்கு அஞ்சுதல், பொருட்களைக் கடித்து நாசமாக்குதல், சோற்றுத் தட்டை யாரும் நெருங்கவிடாமல் காத்தல் ஆகியவை கூடுதலாக இருந்தன. குறை சொல்லவும் இடமிருக்கிறது. விவரம் சொன்னவர்கள் நாயின் சொந்தக்காரர்கள். யாரும் அருகிலிருந்து அளக்கவில்லை. சீக்கிரம் குட்டியைக் கொடுத்துவிடும் வளர்ப்பாளர் மற்ற விஷயங்களிலும் அசட்டையானவராக இருந்திருக்கலாம், பாதிப்புக்கு அதுவே காரணமாகவும் இருக்கலாம். இந்த ஒரே ஆய்வை வைத்துக்கொண்டு முடிவு கட்டச் சொன்னால் நானும் தயங்குவேன். ஆனால் ஆய்வு கண்ட குறைகளும், நான்காம் வாரத்துக்கும் எட்டாம் வாரத்துக்கும் இடையே குட்டி படிக்கிற பாடங்களும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. அந்தக் கணக்கிலுள்ள 30 முதல் 40 நாள் நம் ஊர் வழக்கமும்கூட.

இதற்கு வருகிற வலுவான மறுப்பு கிராமத்திலிருந்து வரும். "எங்க தாத்தா காலத்துலேருந்து முப்பது நாள்ல தூக்கிட்டு வந்துதான் வளக்கிறோம். எந்த நாய் கெட்டுப்போச்சு?" இதை எளிதாகத் தள்ள முடியாது, வேட்டைக்கும் காவலுக்கும் பேர்போன நாய்கள் அப்படி வளர்ந்திருக்கின்றன. ஆனால் அந்தக் குட்டி போய்ச் சேர்ந்த இடத்தைப் பார்க்க வேண்டும். தோட்டம், கிடை, களம், நாலைந்து நாய், ஆடு மாடு, நாள் முழுக்க வந்துபோகும் ஆட்கள். தாயிடம் விட்ட பாடத்தை அடுத்த வீட்டுக் கிழட்டு நாய் நடத்திவிட்டது. இன்றைக்கு அதே குட்டி போவது சென்னையிலோ கோவையிலோ மூன்றாம் மாடிக்கு. காலையில் எல்லோரும் வேலைக்குக் கிளம்பினால் சாயங்காலம்வரை பால்கனியில் தனி. தடுப்பூசி முடியும்வரை கீழேயே இறக்காதீர்கள் என்றும் யாராவது சொல்லியிருப்பார்கள். அந்தக் குட்டிக்கு இன்னொரு நாயின் முகமே நான்காம் மாதத்தில்தான் தெரியும். இன்னொன்றும் உண்டு: தாத்தா காலத்தில் தேறிய நாய்கள் நினைவில் நிற்கின்றன, யாரையும் அண்டவிடாமல் ஆயுசுக்கும் சங்கிலியில் கிடந்தவற்றை "கோவக்கார நாய்" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டோம்.

அடுத்த மறுப்பு பணம். ஏழெட்டுக் குட்டிகள் உள்ள ஈற்றில் ஐந்தாம் வாரத்திலிருந்து எட்டாம் வாரம்வரை தீனிச் செலவு கூடிக்கொண்டே போகும் என்பது உண்மை. அந்த நான்கு வாரத்துக்கும் சேர்த்துத்தான் விலை வைக்க வேண்டும், அதைக் குட்டியின் கணக்கிலிருந்து பிடிக்கக் கூடாது. மூன்றரை வாரத்தில் தொடங்கி, குழைய வெந்த சோற்றில் எலும்பில்லாத கோழிக்கறியை வேகவைத்து மசித்துக் கரைத்துக் கொடுக்கலாம். வெந்த முட்டையும் சேர்க்கலாம். கடையில் கிடைக்கும் குட்டித் தீனியை வெந்நீரில் ஊறவைத்துக் கொடுப்பது செலவு என்றாலும் சத்து அளவு தவறாது. வெறும் பால்சோறு போதாது. நாய்ப் பாலில் கொழுப்பும் புரதமும் பசும்பாலைப்போல் ஏறத்தாழ இருமடங்கு. பசும்பாலில் பால்சர்க்கரை அதிகம் என்பதால் பல குட்டிகளுக்கு அது கழிச்சலைக் கொடுக்கும். வயிறு உப்பி முதுகெலும்பு தெரிகிற "பால்சோற்றுக் குட்டி"யை யாரும் பார்க்காமல் இருந்திருக்க முடியாது, பூச்சியும் அதில் பங்காளி. தாயின் தட்டும் பெரிதாக வேண்டும்: பால் உச்சத்தில் இருக்கும் மூன்றாம் நான்காம் வாரத்தில் அவள் வழக்கத்தைப் போல் இரண்டு மூன்று மடங்கு தின்பாள், அதைக் குறைத்து மிச்சம் பிடிக்கக் கூடாது. சினைக்காலத்தில் நல்லதென்று நினைத்துக் கால்சியம் டானிக் ஊற்றுவது எதிர்வேலை செய்யும். எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்துக்கொள்ளும் பழக்கத்தை உடல் விட்டுவிடும், பால் சுரக்கும்போது இரத்தத்தில் கால்சியம் சட்டென்று இறங்கும். குட்டி போட்ட சில வாரங்களில் தாய் நடுங்கினாலோ, கால் விறைத்து நடந்தாலோ, ஓயாமல் மூச்சு வாங்கினாலோ இரவு எத்தனை மணியானாலும் மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். மூன்றாம் நான்காம் வாரத்தில் குட்டிகளை உடனே கொடுத்துவிட்டால் தாய்க்குச் சுமை குறையும் என்று வாதிடுவோர் இதையும் கவனிக்க வேண்டும்: பால் உச்சத்தில் இருக்கும்போது குட்டிகள் ஒரேயடியாகப் போனால் மடி கட்டிக்கொண்டு வீங்கும்.

எல்லாவற்றையும்விடக் கனமான மறுப்பு நோயைப் பற்றியது. குட்டிகளை நாலு பேரிடம் காட்டு, நாலு இடத்துக்குத் தூக்கிப் போ என்று ஒருபக்கம் சொல்லிவிட்டு, பார்வோ என்னும் தொற்றுநோய் வந்து ஈற்றே போனால் யார் பொறுப்பு? பயம் நியாயமானது. பார்வோ கிருமி தரையில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும், செருப்பில் ஒட்டி வீட்டுக்குள் வரும், வழக்கமான பினாயிலுக்கு மசியாது. தரையை நன்றாகக் கழுவிவிட்டு பிளீச்சிங் கரைசலை ஊற்றிப் பத்து நிமிடம் விட்டால்தான் சாகும். தாயிடமிருந்து சீம்பாலில் வந்த எதிர்ப்பாற்றல் சில வாரங்களில் கரைந்துபோகும், ஆனால் அது இருக்கும்வரை தடுப்பூசியையும் வேலை செய்யவிடாது. ஒவ்வொரு குட்டிக்கும் அது கரையும் நாள் வேறு. அதனால்தான் கூட்டுத் தடுப்பூசியை ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கொரு முறை, 16 வாரம் ஆகும்வரை திரும்பப் போடுகிறார்கள். "ஒரு ஊசி போட்டாச்சு" என்று சொல்லி விற்பது பாதி உண்மை. இதற்காக 16 வாரம்வரை அடைத்து வைத்தால் பழகுகிற காலம் முழுக்கக் கதவுக்கு வெளியே போய்விடும். அமெரிக்கக் கால்நடை நடத்தையியல் மருத்துவர் சங்கம் 2008இல் வெளியிட்ட நிலைப்பாடு இந்த இடத்தைத்தான் தொடுகிறது: எல்லா ஊசியும் முடியும்வரை காத்திருக்க வேண்டாம், முதல் ஊசி போட்டு ஒரு வாரம் ஆனதும், சுத்தமான இடத்தில், ஊசி போட்ட நாய்களோடு பழக்கத் தொடங்கலாம். நாய் கிடந்து அலையும் தெருவிலும் மருத்துவமனைத் தரையிலும் குட்டியை இறக்கக் கூடாது. இடுப்பில் தூக்கிக்கொண்டு கடைத்தெருவைக் காட்டுவதற்குத் தடையில்லை. வருகிறவர் செருப்பை வெளியே விட்டுக் கை கழுவிவிட்டு வரட்டும், அதில் பாதி நம் வீடுகளில் ஏற்கெனவே வழக்கம்தான். பூச்சி மருந்து இரண்டு, நான்கு, ஆறு, எட்டு என இரண்டு வாரத்துக்கொரு முறை, எடை பார்த்து, தாய்க்கும் சேர்த்து. உருண்டைப்புழு கருவிலேயே குட்டிக்குப் போய்விடுகிறது, கொக்கிப்புழு பாலில் வருகிறது. உருண்டைப்புழு வீட்டுக் குழந்தைகளையும் தொற்றும் என்பதால் இதில் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

இனி, நான்காம் வாரத்திலிருந்து எட்டாம் வாரம்வரையுள்ள அந்த ஐந்து வாரத்தை எப்படி நிரப்புவது? பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை என்பதற்கு இரண்டு ஆய்வுகள் ஆதாரம். 2008இல் வெளியான இத்தாலிய ஆய்வொன்றில் மூன்றாம் நாளிலிருந்து இருபத்தொன்றாம் நாள்வரை தினம் ஐந்து நிமிடம் மென்மையாகக் கையாளப்பட்ட குட்டிகள், எட்டாம் வாரத்தில் தனியாக விடப்பட்டபோது மற்றவற்றைவிட அமைதியாக இருந்தன. பிரிட்டனில் பார்வையற்றோருக்கு வழிகாட்டும் நாய்களை வளர்க்கும் இடத்தில் 2017இல் நடந்த ஆய்வில், ஆறு வாரம் வரை ஒவ்வொரு குட்டிக்கும் ஒரு நாளில் ஐந்து முதல் பதினைந்து நிமிடம் மட்டும் கூடுதலாகச் செலவிட்டார்கள்; எட்டு மாத வயதிலும் அந்தக் குட்டிகள் முன்னிலையில் இருந்தன. ஒவ்வொரு குட்டியாகத் தனியே எடுப்பது முக்கியம். கூட்டமாகக் கொஞ்சினால் துணிந்த இரண்டு குட்டிகளுக்குத்தான் கொஞ்சல் கிடைக்கும். நகத்தைத் தொட்டு, காதைத் திறந்து பார்த்து, வாயை விரித்து, வயிறு மேலாகப் படுக்க வைத்து எடுங்கள். பிற்பாடு மருத்துவர் செய்யப்போகிற எல்லாமே இப்போதே பழகிவிடும். சாக்கு, மணல், சிமென்ட், ஈரத் தரை, ஓரிரு படி என்று கால் பல தரையை அறியட்டும். வழுக்கும் டைல்ஸில் நாள் முழுக்க விடுவது மட்டும் வளரும் இடுப்புக்கு நல்லதில்லை. மிக்ஸி, குக்கர் விசில், கதவு மணி, மேளம், பைக் சத்தம் எல்லாம் தூரத்தில் தொடங்கி நாளுக்கு நாள் கிட்டே வரட்டும். தீபாவளிக்கு முன்பின்னாக வரும் ஈற்றை உள்ளறைக்கு மாற்றிவிடுங்கள். வெடிச் சத்தத்தைப் பழக்குகிறேன் என்று வாசலில் விட்டால் பழகாது, ஆயுசுக்கும் நடுக்கம் ஏறிவிடும். ராஜபாளையத்துக்கும் சிப்பிப்பாறைக்கும் ஒருவரிடம் மட்டும் ஒட்டும் இயல்பு அதிகம் என்பதால் வேட்டி, சேலை, ஹெல்மெட், தாடி, கைத்தடி, குழந்தை என்று பலவகை மனிதர் வர வேண்டும். குட்டி தானாகக் கிட்டே போக விடவேண்டும், எடுத்து மடியில் திணிக்கக் கூடாது. ஆறாம் வாரத்திலிருந்து ஒரு நாளில் சில நிமிடம் ஒவ்வொன்றையும் அடுத்த அறையில் தனியாக விட்டுப் பழக்கினால் புது வீட்டின் முதல் இரவு கொஞ்சம் இலகுவாகும். ஆட்டோவில் தெருக்கோடிவரை போய் வருவதும் அப்படியே. தூங்கி எழுந்தவுடனும் தின்று முடித்தவுடனும் ஒரே மூலைக்கு எடுத்துப் போனால் எட்டாம் வாரத்தில் அந்த மூலையைத் தானே தேடும்.

வெள்ளை ராஜபாளையம் ஈற்றில் இன்னொரு வேலை உண்டு. தோலுக்கு நிறம் தரும் செல்கள் உட்காதிலும் வேண்டும்; அவை இல்லாத குட்டிகளுக்குச் செவிட்டுத்தன்மை வருகிறது. இந்த இனத்தில் இது அறிந்த குறை. மற்றவை சத்தத்துக்கு ஓடுவதைப் பார்த்துச் செவிட்டுக் குட்டியும் ஓடும் என்பதால் கூட்டத்தில் கண்டுபிடிக்க முடியாது. ஐந்தாம் வாரத்துக்குப் பின் ஒவ்வொன்றையும் தனியே வைத்து, பின்பக்கமிருந்து, காற்றோ அதிர்வோ படாமல் சத்தம் செய்து பார்க்க வேண்டும். தூங்கும்போது எழுப்பிப் பார்ப்பது இன்னும் தெளிவு. ஒரு காது மட்டும் கேளாததை வீட்டுச் சோதனை பிடிக்காது. முப்பது நாளில் கொடுத்துவிட்டால் இதையெல்லாம் பார்க்கவே நாள் கிடைக்காது. செவிட்டுக் குட்டியைச் செவிடு என்று சொல்லியே கொடுங்கள். சேர்க்கைக்கு விடமாட்டேன் என்று வாங்குபவர் எழுதித் தரட்டும்.

சிலர் எதிர்ப்பக்கம் போய், இன்னும் வைத்திருந்தால் இன்னும் நல்லதுதானே, மூன்று மாதத்தில் கொடுக்கலாமே என்பார்கள். ஸ்காட்டும் ஃபுல்லரும் குட்டியை மாற்ற ஏற்றது ஆறிலிருந்து எட்டு வாரம் என்றுதான் கருதினார்கள். எட்டாம் வாரத்தை ஒட்டிச் சில குட்டிகள் புதியவற்றுக்குச் சற்றுக் கூடுதலாக மிரளும் என்பதும் தெரிந்ததே. நாம் எட்டைத் தேர்வதற்குக் காரணம், ஆறாம் வாரத்தில் கடி அடங்குவதில்லை, முதல் ஊசி வேலை செய்ய நேரமும் கிடைப்பதில்லை. எட்டைத் தாண்டி வைத்திருக்கலாமா என்பது வீட்டைப் பொறுத்தது. தினம் தனித்தனியாக எடுத்து வெளியே காட்ட ஆள் இருக்கும் வீட்டில் பத்தாம் வாரம்வரை வைத்தால் கெடுதி இல்லை. கொட்டகையில் கூட்டமாகக் கிடக்கும் என்றால் ஒவ்வொரு வாரமும் குட்டிக்கு நட்டம். அவை மனிதரைவிட ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிடும். இரண்டு குட்டியை ஒரே வீட்டுக்குக் கொடுக்கும்போதும் இதுவே நேர்கிறது, துணைக்கு ஆகும் என்று கேட்பவரிடம் இதைச் சொல்லிவிட வேண்டும்.

யாருக்கு எது என்பதில் தேவைக்கு மேல் மந்திரம் வேண்டாம். குட்டியை மல்லாக்கப் பிடித்தால் உதைக்கிறதா, சாவிக்கொத்தைப் போட்டால் வருகிறதா என்று பார்த்துக் குணம் சொல்லும் சோதனைகள் பல உண்டு. சுவீடனில் ஜெர்மன் ஷெப்பர்ட் குட்டிகளை எட்டாம் வாரத்தில் சோதித்து, வளர்ந்தபின் மறுபடி சோதித்துப் பார்த்த 1998ஆம் ஆண்டு ஆய்வில், இரண்டுக்கும் பொருத்தம் ஏறக்குறைய இல்லை என்று தெரிந்தது. நகத்தை எண்ணியும் நெற்றிச் சுழியைப் பார்த்தும் எடுப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம். தாயைக் காட்டுங்கள், அந்நியரிடம் அவள் நடந்துகொள்ளும் விதம் குட்டியைப் பற்றி எல்லாச் சோதனையையும்விட அதிகம் சொல்லும். குட்டியைத் தேர்வதைவிட வீட்டைத் தேர்வது பெரிய வேலை, அதைச் சேர்க்கைக்கு முன்பே தொடங்க வேண்டும். முன்பணம் கொடுத்துக் காத்திருக்க ஐந்து வீடு இல்லாவிட்டால் சேர்க்கைக்கு விடுவதையே தள்ளிப்போடலாம். கேட்க வேண்டியவை: பகலில் வீட்டில் யார், வாடகை வீடு என்றால் வீட்டுக்காரர் சம்மதமா, கட்டிப்போட்டே வளர்ப்பார்களா, ஊருக்குப் போனால் யார் பார்ப்பது, ஓடுவதற்கு இடம் எங்கே. காவலுக்கு மட்டும் வேண்டும், கடிக்கப் பழக்க வேண்டும் என்று சொல்பவருக்கு நாட்டு நாய்க்குட்டியைக் கொடுக்காமலிருப்பது அந்தத் தெருவுக்கே நல்லது. பேச்சில் இனிமையும் விலையில் அவசரமும் ஒன்றாக வந்தால், மறு விற்பனைக்கு எடுக்கிறாரோ என்று சந்தேகப்படுவதில் தவறில்லை.

கொடுக்கும் நாள் காலைப்பொழுதாக இருக்கட்டும். சாயங்காலம் போகிற குட்டி வீட்டைப் பார்க்காமலே இரவில் விழும். கிளம்புவதற்கு இரண்டு மணி நேரத்துக்கு முன் தீனி வேண்டாம். தாய் படுத்த பழைய வேட்டித் துணியில் ஒரு துண்டும், அதே தீனியில் ஒரு வாரத்துக்கு ஆகுமளவும் கூட அனுப்புங்கள். வீட்டோடு சோறும் ஒரே நாளில் மாறினால் கழியும், புது வீட்டுக்காரர் நோய் என்று பயந்துவிடுவார். எல்லாக் குட்டியையும் ஒரே நாளில் அனுப்பாமல் நான்கைந்து நாளாகப் பிரித்தால் தாயின் மடி மெதுவாக வற்றும். ஒரு தாளில் பிறந்த தேதி, பூச்சி மருந்தின் பெயரும் நாளும், போட்ட ஊசியும் அடுத்த ஊசி நாளும், மூன்று மாதம் நிறைந்ததும் வெறிநாய்க்கடிக்கான ஊசி போட வேண்டிய தேதியும், தின்னும் நேரமும் அளவும் எழுதுங்கள். வெங்காயம், திராட்சை, சாக்லேட், வெந்த எலும்பு கூடாது என்பதையும் அதிலேயே எழுதிவிடலாம். முதல் இரண்டு மூன்று இரவு குட்டியை ஆள் படுக்கும் அறையிலேயே ஒரு பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள். கொல்லையில் விட்டு அழட்டும் என்றால் இந்த எட்டு வாரத்தின் வேலை அங்கேயே கொஞ்சம் கரையும். மூன்றாம் நாள் நீங்களே போன் செய்யுங்கள், அவர்கள் செய்யட்டும் என்று இருக்காதீர்கள். பெரும்பாலானோர் கேட்கக் கூச்சப்படுவார்கள். தாளின் கடைசியில் ஒரு வரி இருக்க வேண்டும்: எந்த வயதிலும், எந்தக் காரணத்துக்காகவும் வைத்துக்கொள்ள முடியாவிட்டால் முதலில் எனக்குச் சொல்லுங்கள், நான் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு படி வைத்துக்கொள்வது நல்லது. அப்படி ஒரு நாய் ஒன்றரை வயதில் திரும்பி வந்தால் எங்கே கட்டுவது என்பதையும் சேர்க்கைக்கு விடும் முன்பே யோசித்து வையுங்கள்.